1893-க்குப் பிந்தைய ரூபாயில் வெள்ளி குறைவா?

கேள்வி: பாட்டியின் பெட்டியில் விக்டோரியா தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. 1840, 1862, 1900 என்று ஆண்டு இருக்கிறது. "1893-இல் வெள்ளிக்காசு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள், அதனால் 1900 காசில் வெள்ளி கம்மி" என்று நகைக்கடையில் அதற்கு மட்டும் டச்சை (நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற அளவை) குறைக்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. மூன்று காசிலும் வெள்ளி ஒரே அளவுதான். 1835-இல் கம்பெனி அரசு போட்ட சட்டப்படி ஒரு ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் 12-இல் 11 பங்கு வெள்ளி. டச் கணக்கில் 91.67. தேயாத காசில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது 1940-இல்தான்.

அப்படியானால் 1893-இல் என்னதான் நடந்தது? அதுவரை யார் வேண்டுமானாலும் கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளுக்கு வெள்ளிக்கட்டியைக் கொண்டுபோய், சிறு கட்டணம் செலுத்தி, ரூபாயாக அடித்து வாங்கலாம். அதனால் வெள்ளியின் விலையும் ரூபாயின் மதிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கின. 1870-களில் ஜெர்மனி தங்கத்துக்கு மாறியது, அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி கொட்டியது. சுமார் 2 ஷில்லிங்காக (பிரிட்டிஷ் பணம்; 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு) இருந்த ரூபாய் 1893-க்குள் 1 ஷில்லிங் 3 பென்ஸுக்கும் கீழே போய்விட்டது. இந்திய அரசு லண்டனில் வட்டி, ஓய்வூதியம் எல்லாம் பிரிட்டிஷ் பவுண்டில் கட்ட வேண்டும், ஆனால் வரி வசூலிப்பதோ ரூபாயில். ரூபாய் சரியச் சரிய அந்தச் சுமை கூடியது. இந்திய நாணயப் பிரச்சினையை ஆராய்ந்த ஹெர்ஷெல் குழுவின் பரிந்துரைப்படி, 1893 ஜூன் 26 அன்று பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளிக்கு நாணயச் சாலையின் கதவை மூடினார்கள். மூடியது அவ்வளவுதான். அரசு தன் தேவைக்கு அதே தரத்தில் ரூபாய் அடித்துக்கொண்டுதான் இருந்தது. 1900-இல் நிறையவே அடித்தார்கள்.

புழக்கத்தில் ரூபாய் இறுகியதும் அதன் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு ஏறியது. 1899-இல் ஒரு பவுன் காசுக்கு (ஒரு பவுண்டு மதிப்புள்ள பிரிட்டிஷ் தங்கக்காசு) 15 ரூபாய் என்று சட்டமும் வந்தது. காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் விலையைத் தாண்டிவிட்டது. இதில் அடிபட்டவர்கள் கொலுசும் காப்புமாகச் சேமித்து வைத்திருந்த ஏழைக் குடும்பங்கள். பஞ்சத்தில் அந்த வெள்ளியை விற்றால், அதே எடை ரூபாய்க்காசு திரும்பக் கைக்கு வராது. என் பார்வையில் அது பெரிய அநியாயம்.

சரி, உங்கள் காசுகளுக்கு வருவோம். கடையில் உங்கள் முன்னாலேயே எடை போடச் சொல்லுங்கள். தேய்மானத்துக்குக் கழித்தால் ஏற்கலாம், ஆண்டைக் காட்டிக் கழித்தால் வேறு கடை பாருங்கள். மெஷினில் டச் பார்க்கும் கடையாக இருந்தால் நல்லது. போலிகளும் உலவுவதால் எடையும் டச்சும் இரண்டுமே ஒத்துவர வேண்டும்.

1840, 1862 என்ற ஆண்டுகளைப் பார்த்து அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். அந்த ஆண்டை மாற்றாமலே பல வருடங்கள் அடித்தார்கள். 1862 காசில் தேதியை ஒட்டிச் சின்னப் புள்ளிகள் இருந்தால், அவை அடித்த வருடத்தைக் குறிப்பவை. சேகரிப்பாளர்கள் அதைத்தான் எண்ணுவார்கள். உருக்கக் கொடுக்கும் முன் ஒரு நாணய வியாபாரியிடம் அந்தப் புள்ளிகளைக் காட்டிவிடுங்கள். அதுவரை விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். வளையம் பற்றவைத்த காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் பெரும்பாலும் கிடைக்காது.

அப்புறம், நூறு வருடம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது.