அனைத்துலக நிதி தோட்டப்புறம் வரை வருமா? சுங்கை சிப்புட் வாசகருக்குப் பதில்

கேள்வி: பேராக், சுங்கை சிப்புட்டில் ஒரு நற்பணி இயக்கத்தின் செயலாளராக இருக்கிறேன். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நம்மவர் சில குடும்பங்களும், வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் வசிக்கிறார்கள். அங்கே சிலருக்குக் காசநோய் கண்டிருக்கிறது. நம்மவர் வீடுகளில் இனிப்புநீர் எனும் நீரிழிவு நோய் பரவலாக இருக்கிறது. வளரும் நாடுகளின் சுகாதாரத் திட்டங்களுக்கு அனைத்துலக அமைப்புகள் நிதி தருவதாகப் படித்தோம். எங்கள் இயக்கம் நேரடியாக விண்ணப்பிக்கலாமா? அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது எங்களைப் பாதிக்குமா?

பதில்: நேரடியாக விண்ணப்பிக்க வழியில்லை. விண்ணப்பத்தை எழுதித் தருவதாகச் சொல்லி யாரேனும் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். ஆனாலும் நீங்கள் செய்ய நினைக்கும் வேலைக்கு வழி இருக்கிறது. அதைக் காண, இந்த நிதி எப்படிப் பாய்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் படித்தது பெரும்பாலும் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றையும் எதிர்க்கும் உலக நிதியத்தைப் பற்றியதாக இருக்கும். 2002இல் தொடங்கப்பட்டு ஜெனீவாவில் இயங்கும் இந்நிதியத்தின் பணத்தில் மிகப் பெரும் பகுதி பணக்கார நாடுகளின் அரசாங்கங்கள் தருவது. நிதியம் தனி இயக்கங்களோடு பேசுவதில்லை, நாடுகளோடுதான் பேசுகிறது. ஒவ்வொரு நாட்டிலும் சுகாதார அமைச்சு, பொது இயக்கங்கள், அந்நோய்களோடு வாழ்பவர்கள் எனப் பல தரப்பினர் அமர்ந்த ஒருங்கிணைப்புக் குழு ஒன்று, நாட்டின் நோய் நிலவரத்தையும் தேசிய வியூகத் திட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டு கோரிக்கையைத் தயாரிக்கிறது. தனியொரு நிபுணர் குழு அதை ஆராய்ந்த பிறகு, பணம் ஒரு முதன்மைப் பெறுநருக்குப் போகிறது. அவரிடமிருந்து துணைப் பெறுநர்களுக்கு இறங்குகிறது. ஊர் மட்டத்து இயக்கம் அதன் கடைசிப் படியில்தான் வருகிறது, அதுவும் தேசியத் திட்டத்தில் அந்த வேலைக்கு இடம் இருந்தால் மட்டுமே.

எந்த நாட்டுக்குத் தகுதி உண்டு என்பதை நாட்டின் வருமானமும் நோயின் சுமையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. உலக வங்கியின் கணக்கில் மலேசியா உயர்நடுத்தர வருமான நாடு. அத்தகைய நாடுகளுக்கு, நோய்ச்சுமை அதிகம் என்று கணிக்கப்பட்டால்தான் கதவு திறக்கும். நம் நாடு இந்நிதியத்திடமிருந்து எச்.ஐ.வி. பணிக்காக நிதி பெற்று, மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் வழியாகச் செலவிட்டிருக்கிறது. இனிப்புநீருக்கென்று தனி ஒதுக்கீடு அங்கே இல்லை. உலகளவிலேயே சுகாதார உதவித்தொகையில் இனிப்புநீர் போன்ற தொற்றா நோய்களுக்குப் போகும் பங்கு மிகச் சிறியது. நம்மவர் உயிரையும் கால்களையும் பறிக்கும் நோய்க்கு உதவி நாடுகளின் பட்டியலில் இவ்வளவு குறைந்த இடம் இருப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நேரடியாகத் தரும் உதவியும் ஏறத்தாழ இதே பாதையில்தான் செல்கிறது. 2003இல் அதிபர் ஜார்ஜ் புஷ் தொடங்கிய பெப்ஃபார் எனும் அமெரிக்க எய்ட்ஸ் நிவாரணத் திட்டம், நாட்டுக்கு நாடு செயல்திட்டம் வகுத்து, எந்த மருத்துவமனையில் எத்தனை பேருக்குச் சிகிச்சை என்பது வரை இலக்கு வைத்து நடந்தது. இரண்டரைக் கோடி உயிர்களை அது காத்ததாக அமெரிக்க அரசு சொல்கிறது. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச முடியாது. ஆயினும், பணம் கொடுப்பவர் வகுக்கும் திட்டமும் நாடு தனக்காக வகுத்துக்கொள்ளும் திட்டமும் ஒன்றாக இருக்கும்போதுதான் பணம் வருவது நின்ற பிறகும் வேலை தொடரும். எத்தியோப்பியா 2003இல் தொடங்கிய சுகாதார விரிவாக்கத் திட்டத்தில், ஏறத்தாழ 5,000 பேர் வாழும் ஒவ்வொரு சிற்றூர்ப் பகுதிக்கும் பயிற்சி பெற்ற இரண்டு பெண்களை அரசே ஊதியம் கொடுத்து அமர்த்தியது. உதவி நாடுகளின் பணத்தையும் அந்தக் கட்டமைப்புக்குள் வரவழைத்தது. ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் டிரஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர் செய்த வேலையின் பெரும் பகுதியை அந்தப் பெண்கள் செய்கிறார்கள் என்று சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும்.

நிதி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் அனுபவமே போதும். 1963இல் அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். நோய் ஒழிந்தது என்று கருதி மருந்து தெளிப்பும் கண்காணிப்பும் குறைக்கப்பட, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளிகள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். மலேரியா அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது 2016இல்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள், அந்த உதவியை வழங்கி வந்த யூஎஸ்எய்ட் தனி நிறுவனமாக இயங்குவதும் முடிவுக்கு வந்தது. பிரிட்டனும் தன் உதவியை தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 0.3 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்தது. மலேசியாவின் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961 முதல் நம் சுகாதார அமைச்சின் சொந்தச் செலவில் நடப்பதால், உங்கள் ஊர் கிளினிக்கில் மருந்து நின்றுவிடும் என்ற அச்சம் வேண்டாம். ஆனால் உங்கள் தோட்டத்துத் தொழிலாளர்களின் தாயகங்களான வங்காளதேசமும் நேப்பாளமும் வெளி உதவியை நம்பியிருந்தவை. அங்கே நோயைக் கண்டுபிடிக்கும் பணி தொய்வடைந்தால், கண்டுபிடிக்கப்படாத நோயோடு வருபவர் இங்கே லயத்தில் நான்கு பேரோடு ஓர் அறையில் படுக்கிறார். நுழைவு மருத்துவப் பரிசோதனை அதில் ஒரு பகுதியைத்தான் தடுக்க முடியும், ஏனெனில் உடலில் உறங்கும் தொற்று பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்தும் நோயாக வெளிப்படலாம்.

ஆகவே உங்கள் இயக்கம் பார்க்க வேண்டிய இடம் ஜெனீவா அன்று, கோலகங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகம். சுங்கை சிப்புட் அந்த மாவட்டத்துக்குள்தான் வருகிறது. நம் நாட்டில் ஆண்டுக்கு 25,000க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் பதிவாகிறது. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி, நோயைக் கண்ட மருத்துவர் அதை அறிவித்தே ஆக வேண்டும். நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடிப் பரிசோதிப்பதும், மருந்தை ஒருவர் கண்முன் விழுங்கச் செய்வதும் அரசின் திட்டத்திலேயே உள்ள பணிகள். நீங்கள் புதிதாக ஒரு திட்டம் தொடங்க வேண்டியதில்லை. இருக்கும் திட்டம் தோட்டத்து வாசலில் எங்கே அறுந்து போகிறது என்பதைக் கண்டு, அங்கே ஆள் கொடுத்தால் போதும்.

அறுந்து போகும் இடம் பெரும்பாலும் காலை நேரம்தான். சாதாரணக் காசநோய்க்கு முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதங்கள் இரண்டு மருந்துகள் என்று ஆறு மாதச் சிகிச்சை. தோட்டத்தில் பொழுது விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் நிற்க வேண்டும். கிளினிக் திறப்பதோ அதற்கு வெகு நேரம் கழித்து. மருந்து விழுங்க டவுனுக்குப் போய் வருபவருக்கு அன்றைய குலை வெட்டும் கூலி போய்விடும். மோட்டார் சைக்கிள் இல்லாதவருக்குப் போக்குவரத்துச் செலவும் சேரும். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, பசி எடுக்கத் தொடங்கியதும், குணமாகிவிட்டது என்று எண்ணி மருந்தை விட்டுவிடுகிறார்கள். இடையில் நின்ற சிகிச்சை, மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு வழி திறக்கும். உங்கள் இயக்கத்தில் நம்பிக்கையான ஒருவரையோ, தோட்டத்திலேயே வசிக்கும் படித்த ஒரு பெண்ணையோ, மருந்து உட்கொள்வதைப் பார்த்து அட்டையில் குறிக்கும் துணையாளராக ஏற்று, பெரட்டுக்கு முன்பே அந்த வேலையை முடிக்க அனுமதி தருவார்களா என்று கிளினிக்கின் காசநோய்ப் பிரிவில் கேளுங்கள். இதற்கு மானியம் வேண்டியதில்லை. விடிகாலையில் எழும் ஒருவர் ஆறு மாதம் தவறாமல் வந்தால் போதும். பணம் தேவைப்படுவது அவருடைய பெட்ரோலுக்கும் நோயாளிக்கு முட்டை, பருப்பு வாங்கித் தருவதற்கும்தான். அதை ஊரிலேயே திரட்டிவிடலாம்.

வெளிநாட்டுத் தொழிலாளர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நோய் இருப்பது தெரிந்தால் பெர்மிட் போய், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்திலேயே இருமலை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தை வெறும் வார்த்தையால் போக்க முயலாதீர்கள். நோய் உறுதியான தொழிலாளரின் சிகிச்சைச் செலவை யார் ஏற்பது, சிகிச்சை முடியும் வரை அவர் இங்கே இருக்க இயலுமா என்பதை மாவட்ட அலுவலகத்திடமும் தோட்ட நிர்வாகத்திடமும் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே அவர்களிடம் போங்கள். தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 446ஆம் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் மீது கடமைகளைச் சுமத்துகிறது என்பதையும், செம்பனைத் துறையின் தரச் சான்றிதழ்கள் தொழிலாளர் நலனையும் பார்க்கின்றன என்பதையும் நிர்வாகத்திடம் பணிவாக நினைவூட்டலாம்.

இனிப்புநீருக்கு வழி இன்னும் நேரானது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதே ஆண்டு தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டம், அரசின் ரொக்க உதவி பெறுபவர்களிலும் அவர்களின் கணவன் அல்லது மனைவியரிலும் 40 வயது அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு இலவசப் பரிசோதனை அளிக்கிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்குகளிலும் இதைச் செய்துகொள்ளலாம். ஆலய மண்டபத்தில் ஒருநாள் முகாம் நடத்தி, விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து அனுப்புவதைவிட, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வீடுவீடாகத் தகுதியைச் சரிபார்த்து, தகுதியுள்ளவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், முடிவு வந்த பிறகு மறுபரிசோதனைக்கும் கூட்டிப் போவது பல மடங்கு பயன் தரும். முகாமில் எண்ணைத் தெரிந்துகொண்டு வீடு திரும்பியவர் அதன் பிறகு எங்கும் போகாமல் இருந்துவிடுவது நம் முகாம்களின் பழைய குறை.

மாவட்ட அலுவலகத்துக்குப் போகும் முன் கணக்கு எடுங்கள். 1901இல் கிள்ளானில் மலேரியாவை எதிர்த்து வடிகால் வெட்டச் செய்த டாக்டர் மால்கம் வாட்சன், வடிகாலுக்கு முந்தைய மரணங்களையும் பிந்தைய மரணங்களையும் அடுக்கிக் காட்டித்தான் தன் முறையின் பயனை நிறுவினார். உங்களுக்குத் தேவைப்படுவது ஒரே பக்கம்: தோட்டத்தில் எத்தனை வீடுகள், 40 வயதைத் தாண்டியவர் எத்தனை பேர், அவர்களில் கடந்த ஓராண்டில் இரத்தப் பரிசோதனை செய்தவர் எத்தனை பேர், இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் எத்தனை பேர், கிளினிக் எவ்வளவு தூரம். எவருடைய பெயரும் அந்தப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இருமுபவரின் பெயரைக் கிளினிக் தாதியிடம் மட்டும், அவர் சம்மதத்தோடு சொல்லுங்கள்.

கடிதத்தை மலாயில் எழுதி, இயக்கத்தின் சங்கப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு முகவரியிடுங்கள். மானியம் கேட்காதீர்கள், மருந்துத் துணையாளருக்குப் பயிற்சியும், தோட்டத்துக்கு ஒரு பரிசோதனை நாளும் கேளுங்கள். அலுவலகத்தில் கொடுக்கும்போது நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், அந்த நகலோடு நேரில் போய், காசநோய்ப் பிரிவைக் கவனிக்கும் அதிகாரி யார் என்று கேட்டு அவரைப் பாருங்கள்.