வட்டி குறையும் என்று நம்பி மச்சினனுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். வீட்டுக் கடன் பாக்கி 3.8 லட்சம் டாலர். 30 வருடக் கடன், நிலையான வட்டி 7 சதவீதம். மனைவியின் தம்பி தொழிலுக்குக் கேட்டார் என்று வீட்டின் மேல் மாறும் வட்டியில், எட்டரை சதவீதத்துக்கு, 60,000 டாலர் எடுத்துக் கொடுத்தேன். இப்போது இன்னும் 40,000 கேட்கிறார். அதிபர் கொடுக்கும் நெருக்கடியில், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் (ஃபெட்) வட்டியைக் குறைத்தே தீரும்; அப்போது ரீஃபைனான்ஸ் செய்து, அதாவது குறைந்த வட்டியில் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைத்து, சமாளித்துவிடலாம் என்றிருக்கிறேன். நீண்டகாலக் கடன்பத்திரங்களில் மூன்று மடங்கு ஆதாயம் தரும் ஃபண்டும் வாங்கலாமா? தூக்கமே வரவில்லை.

பதில்: ஃபெட் முடிவு செய்வது வங்கிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் ஓரிரவுக் கடனின் வட்டியை. உங்கள் 30 வருடக் கடனின் வட்டி 10 வருட அரசுப் பத்திரத்தை ஒட்டி நகர்வது. அங்கே பணம் போடுகிறவர்கள் பார்ப்பது பல வருடத்துப் பணவீக்கத்தை. 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஃபெட் மொத்தம் 1 சதவீதம் குறைத்தது. வீட்டுக் கடன் வட்டியோ 6.1-ஐ ஒட்டி இருந்தது, ஜனவரியில் 7-ஐத் தாண்டியது! மிரட்டலுக்குப் பணிந்து குறைத்தார்கள் என்று சந்தை நினைத்தால் இன்னும் மோசம். 1972 தேர்தலை மனதில் வைத்து அப்போதைய அதிபர் நிக்சன், வட்டியைக் குறைக்கச் சொல்லி ஃபெட் தலைவர் ஆர்தர் பர்ன்ஸை நெருக்கினார். எண்ணெய் விலையும் சேர்ந்துகொள்ள, 1974 கடைசியில் பணவீக்கம் 12 சதவீதத்தைத் தாண்டியது. அதை அடக்கி முடிப்பதற்குள், 1981-இல் வீட்டுக் கடன் வட்டி 18 சதவீதத்துக்கு மேல் போனது.

சரி, நீங்கள் நினைத்தபடியே 6 சதவீதத்துக்குக் கிடைத்தது என்றே வைப்போம். மாதத் தவணை 2,530-லிருந்து 2,280 ஆகும், மிச்சம் 250. ரீஃபைனான்ஸ் செலவே எட்டு, பத்தாயிரம் டாலர், அதை எடுக்கவே மூன்று வருடம். மச்சினனுக்காக வாங்கிய 60,000-க்கு வட்டி மட்டும் மாதம் 425. இன்னொரு 40,000 எடுத்தால் 700-ஐத் தாண்டும். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது ஃபெட் இல்லை. வராத வட்டிக் குறைப்பை வந்த வருமானமாக எண்ணி அவருக்கு எடுத்துக் கொடுக்கும் பழக்கம்தான்.

அந்த மூன்று மடங்கு ஃபண்ட் வேண்டவே வேண்டாம். அது ஒரு நாள் அசைவைத்தான் மூன்று மடங்காக்கும். மாதக்கணக்கில் வைத்திருந்தால் ஏற்ற இறக்கத்திலேயே முதல் தேய்ந்துபோகும்.

இந்தக் கணக்கை முதலில் மனைவியிடம் காட்டுங்கள், அவருக்குத் தெரியாமல் தம்பியிடம் பேச வேண்டாம். பிறகு மச்சினனிடம், 40,000 இல்லை, இந்த மாதம் முதல் 425 உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கே வங்கிக்கு எழுதி, அந்தக் கடன் கணக்கில் மேற்கொண்டு பணம் எடுக்க முடியாதபடி நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.