கோபம் என்னுடையதா, ஹார்மோனுடையதா?

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 45. துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர், கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் மகன், மாமியார் என்று வீட்டில் நான்கு பேர். ஒரு வருடமாக மாதவிலக்கு முன்னே பின்னே வருகிறது, தூக்கமும் சரியில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொழுந்தனார் குடும்பம் ஆறு பேராக வந்து இறங்கினார்கள். வருவது என் கணவருக்கு முந்தின நாளே தெரியும், என்னிடம் சொல்லவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கறியாவது எடுத்து வைத்திருப்பேனே” என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன். அவர் எல்லோர் முன்னாலும், “விடுப்பா, அவளுக்கு மெனோபாஸ் ஆரம்பிச்சிருச்சு” என்று சிரித்தார். மகனும் “என்னம்மா, மூட் ஸ்விங்ஸா?” என்றான். அன்றிலிருந்து வாயைத் திறக்கவே தயக்கமாக இருக்கிறது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வருகிற கோபம் என்னுடையதா, ஹார்மோனுடையதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் மூன்று நான்கு முறை படித்தேன். கணவர் சிரித்ததும் மகன் கேட்டதும் நாளாவட்டத்தில் ஆறிவிடும். தன் கோபத்தைத் தானே நம்ப முடியாமல் போவது அப்படி ஆறாது. அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோபம் உங்களுடையதுதான். ஹார்மோனுக்கும் அதில் பங்கு இருக்கலாம். இருந்தாலும் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆறு பேர் சாப்பிட வருவது தெரிந்தும் சமைக்கிறவளிடம் சொல்லாமல் இருந்தது சரியா என்பதை எந்த ரத்தப் பரிசோதனையிலும் கண்டுபிடிக்க முடியாது.

ஹார்மோன் என்பதே சும்மா கதை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் உங்கள் உடம்புக்குத் துரோகம் செய்தவள் ஆவேன். மாதவிலக்கு நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் அளவு தாறுமாறாக ஏறி இறங்கும். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது, ஆகவே உங்களுக்கு இப்போது தொடங்கியிருந்தால் அது இயல்பு. நடு ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து, நைட்டி முதுகில் ஒட்டிக்கொள்ள, ஃபேனை ஐந்தில் வைத்தும் தூக்கம் வராமல் படுத்துக் கிடப்பது எனக்கும் தெரியும். நாலு மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? இந்தக் காலகட்டத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் கூடுதல். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் சில பெண்களுக்கு வரும் கடுமையான மனத்தவிப்பை 2013-ல் வெளியான மனநோய்க் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்திருக்கிறார்கள்.

பெண்ணின் பேச்சுக்கு மாதவிலக்கைக் காரணம் காட்டுவது எப்படி வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1953-ல் இங்கிலாந்தில் காத்தரினா டால்டன் என்ற பெண் மருத்துவர், சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து, மாதவிலக்குக்கு முன் வரும் தொல்லைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இன்று எல்லோரும் பிஎம்எஸ் என்கிறோமே, அந்தப் பெயர் அவர்கள் வைத்தது. வெறும் மனப்பிரமை என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்கு வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பதே டால்டனின் அக்கறை. பதினேழு வருடம் கழித்து அமெரிக்காவில் அதே விஷயத்தை ஒருவர் தலைகீழாகத் திருப்பினார். 1970-ல் பாட்ஸி மிங்க் என்ற பெண் எம்.பி., பெண்கள் உரிமைக்கு முன்னுரிமை வேண்டும் என்று தன் கட்சிக் குழுவில் பேசினார். அந்தக் குழுவில் இருந்த எட்கர் பெர்மன் என்ற டாக்டர், மாதவிலக்கும் மெனோபாஸும் உள்ள பெண்களைப் பெரிய பதவிகளில் எப்படி உட்கார வைப்பது என்று கேட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் குழுவிலிருந்து விலகினார். மிங்க் கேட்டது உரிமை, அவருக்குக் கிடைத்த பதில் கர்ப்பப்பையைப் பற்றி. உங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததும் இதேதான். நீங்கள் கேட்டது கறி எடுப்பது பற்றி.

நம் வீடுகளில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அப்பாவுக்கு பிபி என்று தெரிந்த அன்றிலிருந்து டிவி சத்தம் குறையும், சாம்பாரில் உப்பு குறையும். “அவருக்கு பிபி இருக்கு, எதிர்த்துப் பேசாதே” என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். சர்க்கரை இருந்தால் நேரத்துக்குச் சாப்பாடு போடாத நம் மீதுதான் தப்பு. அவர் உடம்பில் ஒரு கோளாறு என்றால் வீடு அவருக்காக வளைந்து கொடுக்கிறது. அம்மாவுக்கு ஹார்மோன் என்றால் மட்டும் அவள் பேச்சைக் காதில் வாங்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். உங்களுக்கு மெனோபாஸ் என்று உங்கள் கணவர் உண்மையிலேயே நம்பியிருந்தால், அன்றைக்கு அவர் அடுப்படிக்கு வந்து வெங்காயம் உரித்திருக்க வேண்டும்.

ஹார்மோன் என்ற இந்தச் சொல்லால் இன்னொரு கெடுதலும் உண்டு. எனக்கு 46 வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். ஒரு மருத்துவரிடம் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் வயதைக் கேட்டார். “இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தாம்மா, ஹார்மோன்” என்று வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டிலும் அதையே சொன்னார்கள், நானும் நம்பினேன். எட்டு மாதம் கழித்து என் அக்கா வற்புறுத்தி வேறொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அவர் என் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார், பக்கத்தில் நின்ற அக்காவையும் பார்க்கச் சொன்னார். சிவப்பே இல்லை, வெளுத்துப் போயிருந்தது. 12-க்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பப்பையில் கட்டி இருந்து, மாதாமாதம் ரத்தம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. ஹார்மோன் என்று ஒரு வார்த்தை சொன்னதோடு விசாரணை முடிந்துபோனதால் எட்டு மாதம் அந்த ரத்தத்தோடு நடமாடியிருக்கிறேன்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு குறைந்தாலும் சோர்வும் மனத்தளர்வும் வரும். ஆகவே இந்த மாதமே மகப்பேறு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெனோபாஸ்தான் என்று ஆனால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை எல்லோருக்கும் ஒத்துவராது, உங்களுக்குச் சரிப்படுமா என்று அவரே சொல்வார். ராத்திரியில் வாழ்க்கையே வேண்டாம் என்பது போன்ற எண்ணம் வந்தால் மட்டும் மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை காத்திருக்காதீர்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், அடுப்படியில் தினசரி காலண்டர் மாட்டியிருப்பீர்கள் அல்லவா? கிழிக்கிற தாளை இரண்டு மாதம் தூக்கிப் போடாமல் வையுங்கள். பின்பக்கம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாதவிலக்கு இருந்ததா, எதற்குக் கோபம் வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். கோபம் வந்தும் பேசாமல் விழுங்கிய நாளாக இருந்தால் அதையும் எழுதுங்கள். மருத்துவர்களும் இப்படி இரண்டு மாதக் குறிப்பைப் பார்த்துத்தான் மாதவிலக்கோடு சேர்ந்த மனத்தொல்லையை முடிவு செய்கிறார்கள். மாதவிலக்குக்கு முன் சில நாள் மட்டும் கோபம் வருகிறதென்றால் மருத்துவருக்கு அது நல்ல தடயம். தேதி எதுவானாலும் சொல்லாமல் வந்த விருந்தாளி, கழுவாத காபி டம்ளர், நீங்கள் ஆபீசிலிருந்து வந்ததும் “இன்னிக்கு என்ன டிபன்” என்ற கேள்வி இவையே திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு மாத்திரை கிடையாது. இந்தத் தாள்கள் உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டும். வீட்டில் யாரும் எடுத்துப் பார்த்துக் கணக்குப் போட விடாதீர்கள்.

கணக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். பெண்களின் கணக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்கிறவருக்கு எரிச்சல் வந்தால், உடம்புக்குள் காரணம் தேடுவதற்கு முன் அடுப்படிக்குள் தேடலாம்.

கணவரிடம் பேசுங்கள். சண்டை நடக்கும்போதும் விருந்தாளிகள் இருக்கும்போதும் வேண்டாம். வேலை நாளில் ஒரு சாயங்காலம், மகன் வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள். “ஏனுங்க, எனக்கு மெனோபாஸ் ஆரம்பிச்சிருக்கலாம், டாக்டர்கிட்டப் போறேன், நீங்களும் வாங்க. ஆனா, ஆளுங்க வர்றதை முன்னாடியே சொல்லுங்கன்னு நான் கேட்டது அதனால தப்பாயிடாது. நாலு பேர் முன்னாடி என் உடம்பைப் பத்திப் பேசாதீங்க.” இவ்வளவு போதும். பழைய கணக்கையெல்லாம் அன்றைக்கு எடுக்காதீர்கள். மருத்துவரிடம் அவரும் கூட வந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். மெனோபாஸ் என்பது சிரிப்பதற்கான வார்த்தை இல்லை என்று வெளி ஆள் வாயால் கேட்டால்தான் சிலருக்கு மனதில் ஏறுகிறது.

நாமும் ஒன்றை நிறுத்த வேண்டும். நியாயமாகக் கோபப்பட்டுவிட்டு, அப்புறம் வீட்டில் முகம் வாடியதைப் பார்த்து, “பீரியட்ஸ் டைம், அதான் கத்திட்டேன்” என்று நாமே சமாதானம் சொல்லிவிடுகிறோம். நானும் வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். கத்தியது தப்பென்றால் கத்தியதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள், சொன்ன விஷயத்தை வாபஸ் வாங்காதீர்கள்.

மகனிடம் கோபிக்க வேண்டாம். போனில் பார்க்கிற ரீல்ஸில் வருகிற வார்த்தை அது, வலிக்கும் என்று தெரியாமல் சொல்லியிருப்பான். ஆனால் அப்படியே விட்டும்விடாதீர்கள். நாளைக்கு அவனுக்கு மேலே ஒரு பெண் அதிகாரி இருப்பார், வீட்டுக்கு ஒரு மருமகள் வருவாள். மாதவிலக்கு என்றால் என்ன, மெனோபாஸ் என்றால் என்ன, உங்களுக்கு ஏன் ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று பக்கத்தில் உட்கார வைத்து நேரடியாகச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுப் பையனுக்குப் புரியும். மாமியாரிடமும் ஒருநாள் பேச்சுக் கொடுங்கள். அவருக்கு இந்த வயதில் எப்படி இருந்தது என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் பாட்டிக்கு இதே வயதில் ஏதோ அண்டியிருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்களாம். அம்மா அதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

ஹீமோகுளோபின் எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த முறை விருந்தாளிகள் வருவதை அவர் முன்னாடியே சொன்னாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா