பதில்: கல்யாண சிடியில் கடைசி 12 படம் மட்டும் தெரிகிறது

நண்பரே, கல்யாண சிடியில் பிறகு 12 படம் சேர்த்ததும் பழைய படங்கள் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மனதைத் தளரவிடாதீர்கள். 2006-ல் முதலில் ரைட் செய்த 400 படங்களும் பெரும்பாலும் சிடியிலேயே இருக்கும். சிடி-ஆரில் (ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சிடி) எழுதியதை அழிக்க முடியாது.

சிடியின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதி நடுத்துளையைச் சுற்றி நிறம் சற்று மாறிய வளையமாகத் தெரியும், ஏனென்றால் எழுத்து உள்ளிருந்து வெளியே சுருளாகப் போகிறது. வளையம் அகலமாக இருந்தால் அது வெறும் 12 படத்துக்கு உரியதல்ல.

நடந்தது இதுதான். ஒவ்வொரு முறை ரைட் செய்யும்போதும் ஒரு தனி செஷன், அதாவது ஒரே தடவையில் எழுதிய பகுதி, உருவாகும். ஐஎஸ்ஓ 9660 முறையில் (சிடியில் கோப்புகளை அடுக்கும் தர முறை) செஷனின் முதல் 16 செக்டரை (ஒவ்வொன்றும் 2048 பைட் கொண்ட சிறு துண்டு) விட்டு, அடுத்ததில் வட்டின் விவரம் தொடங்கும். கோப்புப் பட்டியல் எங்கே என்று அதுதான் சொல்லும். கணினி பொதுவாகக் கடைசி செஷனின் பட்டியலை மட்டுமே படிக்கும். இரண்டாம் முறை எழுதிய மென்பொருள் பழைய பட்டியலைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்த சிடியில் எதையும் எழுதாதீர்கள். முதலில் முழு வட்டையும் இமேஜாக (வட்டின் அச்சு நகலான கோப்பாக) எடுங்கள். அப்புறம் ஐசோபஸ்டர் என்ற சிடி மீட்பு மென்பொருளில் திறந்தால் செஷன்கள் தனித்தனியாகத் தெரியும். முதல் செஷனிலிருந்து படங்களை வெளியே எடுங்கள். லினக்ஸ் என்றால் மவுண்ட் செய்யும்போது (வட்டைக் கணினியில் இணைத்துத் திறக்கும்போது) முதல் செஷனைத் தேர்ந்தெடுங்கள்.

லேபிள் பக்கம் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகவல் இருக்கும் அடுக்கு அந்தப் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. எத்தனை செஷன் காட்டுகிறது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.