மொட்டை டயரும் உறைந்த ஏரியும்

அன்புள்ள அண்ணா,

அமெரிக்காவில், மினியாபோலிஸில் இருக்கிறேன். வயது 41. மூன்று வருடத்துக்கு முன் பழைய சுசுகி டிஆர்இசட் 400 எஸ்எம் பைக் ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து சூப்பர்மோட்டோ பைத்தியம். கோடையில் மாதம் ஒருமுறை கோ-கார்ட் எனும் குட்டி ரேஸ் கார்கள் ஓடும் டிராக். மற்ற வாரக்கடைசிகளில் ஆற்றைத் தாண்டி விஸ்கான்சின் சாலைகள். ஜனவரி வந்தால் டயரில் திருகாணி ஏற்றி உறைந்த ஏரியில் ஓட்டுகிறேன். போன மாதம் ஊருக்குள் ஒரு ரவுண்டானாவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டபடியே நுழைந்து திரும்பினேன். பின்னால் வந்த கார்க்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்! இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.

இங்குள்ள தமிழ் நண்பர்கள் ‘இந்த வயசுல இது தேவையா’ என்கிறார்கள். மனைவி ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. இதை விற்றுவிட்டு இருவரும் உட்கார்ந்து போகிற மாதிரி பெரிய பைக் வாங்கலாமா? இல்லை, ஒரேயடியாக 450 சிசி ரேஸ் வண்டிக்கே போய்விடலாமா? நீங்கள் சில வருடம் இந்தப் பக்கம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

போன வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு பையன் பைக்கோடு விழுந்தான். வீடு கட்ட இறக்கிய எம்-சாண்ட் வளைவில் பரவிக் கிடந்தது. பயந்துபோய் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டான். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஆனால் அழுதான். டீக்கடையில் நின்ற நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்று. தூக்கிவிடப் போனவர்களும் ‘பார்த்து ஓட்டக் கூடாதா தம்பி’ என்றுதான் சொன்னார்கள். எதைப் பார்ப்பது? அவன் மணலைப் பார்த்துவிட்டுத்தான் பிரேக் பிடித்தான். இதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். சூப்பர்மோட்டோ என்பது மண்ணில் குதித்து ஓடும் மோட்டோகிராஸ் வண்டிக்குத் தார்ச்சாலை வண்டியின் கால்களை மாட்டியது. முன்னே 21 அங்குலச் சக்கரம் இருந்த இடத்தில் 17 அங்குலம், அகலமான டயர், பெரிய முன்பிரேக் தட்டு. பந்தயம் நடக்கும் தளத்தில் பெரும்பகுதி தார், கொஞ்சம் மண். பந்தயத்தில் போடுவது வரிகளே இல்லாத மொட்டை டயர். நம்மூரில் அப்படி ஓட்டினால் டிராஃபிக் போலீஸ் ஓரம் கட்டுவார். அங்கே அதைக் கம்பளி சுற்றிச் சூடாக்கி, குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வார்கள்.

இது தொலைக்காட்சிக்காகப் பிறந்த விளையாட்டு. 1979-இல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் பந்தயத்தளத்தில் ஏபிசி தொலைக்காட்சிக்காக ‘சூப்பர்பைக்கர்ஸ்’ என்று ஒன்றை நடத்தினார்கள். யோசனை கேவின் ட்ரிப் என்பவருடையது. தார்ச்சாலைக்காரன், மண்மேட்டுக்காரன், வட்ட மண்தளத்தில் ஓட்டுகிறவன், மூவரையும் ஒரே தளத்தில் இறக்கி, இவர்களில் யார் உண்மையிலேயே கெட்டிக்காரன் என்று பார்ப்பது. 1985-க்குப் பிறகு அமெரிக்கர்கள் அதைக் கைவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எடுத்து வளர்த்து, ‘சூப்பர்மோட்டார்ட்’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். 2002-இல் உலக சாம்பியன்ஷிப்பே வந்துவிட்டது. சரி, வரலாறு போதும்.

450-ஆ 400-ஆ என்று கேட்டிருக்கிறீர்கள். 450 ரேஸ் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில், சில பத்து மணி நேரத்தில் பிஸ்டன். உங்களுக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. இருப்பதை ஓட்டுங்கள். தமிழ் நண்பர்கள் சொல்வதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

1998-இல் வேலைக்காக மினசோட்டா போனேன். நான்கு குளிர்காலம். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற வெல்டர், அறுபது வயதைத் தாண்டியவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரி. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய், கைத்துரப்பணத்தால் ஐஸில் துளை போட்டு, உள்ளே கொக்கி வைத்த அளவுகோலை விட்டுப் பார்த்தார். நடக்க நான்கு அங்குலம் போதும், பனிவண்டிக்கு ஐந்திலிருந்து ஏழு வேண்டும் என்பது அந்த மாநிலத்துக் கணக்கு. அதுவும் கண்ணாடி மாதிரித் தெளிந்த புது ஐஸுக்கு. வெள்ளையாக இருந்தால் இரு மடங்கு வேண்டும். அன்று பதினான்கு இருந்தது. அப்போது ஏரி ஒரு சத்தம் போட்டது. தூரத்து இடியும் கம்பி அறுந்து அதிர்வதும் கலந்த மாதிரி ஒரு சத்தம். நான் கரையைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். குளிர் கூடும்போதும் குறையும்போதும் ஐஸ் சுருங்கி விரியும் சத்தம் அது.

அவரிடம் இரண்டு வண்டிகள். ஒன்று, நீங்கள் சொல்கிற மாதிரி திருகாணி ஏற்றிய டயர். கூர்முனை டயருக்குள்ளே போய்விடும், அறுகோணத் தலைதான் வெளியே. அந்தத் தலையின் விளிம்பு ஐஸைக் கவ்வும். முனை ட்யூபைக் கிழிக்காமல் இருக்க உள்ளே பழைய டயரை வெட்டி ஒரு அடுக்கு. சக்கரத்தைச் சுற்றித் தகரக் காப்பு, இல்லாவிட்டால் விழுந்தவனின் காலை அது தேங்காய் துருவுகிற மாதிரித் துருவிவிடும். கையில் கட்டிய கயிறு பிடுங்கிக்கொண்டால் இன்ஜின் நின்றுவிடும். அந்த வண்டியில் அவர் ஹேண்டில்பார் ஐஸை உரசுகிற அளவுக்குச் சாய்த்துத் திரும்பினார். ஐஸ் என்றால் வழுக்கும் என்று நினைத்திருந்தேன். மைனஸ் 20-இல் திருகாணி டயர் மண்ணைவிட நன்றாகப் பிடிக்கிறது.

எனக்கு அந்த வண்டியைத் தரவில்லை. இன்னொன்று, பழைய 125 சிசி, வெறும் ரப்பர் டயர். ‘இன்றைக்கு உன் வேலை விழுவது’ என்றார்.

பதினோரு தடவை விழுந்தேன். எண்ணியது அவர்தான். முதல் நான்கும் முன்பிரேக்கால். லேசாகத் தொட்டாலே முன்சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடும். சுற்றாத முன்சக்கரம் திரும்பாது, நீங்கள் ஹேண்டிலை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அது பாட்டுக்கு நேராகப் போகும். அடுத்த சில, ஆக்சிலேட்டரால். பின்சக்கரம் பக்கவாட்டில் போகிறதே என்று பயந்து சட்டென்று மூடினால், பிடிப்பு திடீரென்று திரும்பி வந்து ஆளைத் தூக்கி எறியும். மூடாமல் அப்படியே வைத்திரு, போக வேண்டிய இடத்தைப் பார், வெளிப்பக்கத்துக் கால்மிதியை அழுத்து என்று கரையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். வேகம் என்ன தெரியுமா? இருபது. சைக்கிள் வேகம். ஒவ்வொரு முறையும் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இருவரும் சுற்றிச் சுற்றிப் போய் எங்கேயோ நிற்போம். தோல் உரியாது. பிட்டத்தெலும்பு மட்டும் ஒரு வாரத்துக்கு நான் யார் என்று ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது.

மாலைக்குள் என் வலதுகை விரல்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. சக்கரம் பூட்டிக்கொண்டால் நான் யோசிப்பதற்கு முன்பே விரல் திறந்துகொண்டது. இருபது வருடம் கழித்து, ஒரு தார்ச்சாலையில் கொட்டியிருந்த நெல்லின் மேல் முன்சக்கரம் போனபோதும் அப்படித்தான் தானாகத் திறந்தது. எஸ்., நாம் பையன்களுக்கு லைசென்ஸ் எடுக்க எட்டுப் போடக் கற்றுத்தருகிறோம். காலை ஊன்றாமல் எட்டுப் போட்டவன் ஓட்டத் தெரிந்தவன். வழுக்கினால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தருவதில்லை, ஏனென்றால் நம் கணக்கில் நல்ல ஓட்டுநர் வழுக்கவே மாட்டார். வழுக்கியவன் விழுந்தவன், விழுந்தவன் தெருவுக்கே வேடிக்கை. டயரின் பிடி எங்கே முடிகிறது என்பதை அவன் வாழ்க்கையில் முதல்முறை தெரிந்துகொள்வது எம்-சாண்டிலோ எண்பது கிலோமீட்டர் வேகத்திலோதான். இருபதில் தெரிந்துகொள்ள ஒரு இடம் வேண்டாமா? உங்கள் விளையாட்டில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். பின்சக்கரம் நழுவுவதை விபத்தாக அல்லாமல் ஒரு வேலையாகச் செய்கிறீர்கள். முன்பிரேக்கில் எடையை முன்னே தள்ளி, கியரை இறக்கி, பின்சக்கரத்தை வெளியே விட்டு, வளைவுக்குள் குறுக்காக நுழைவது. அதே வளைவை ஒரு நாளில் இருநூறு தடவை. விழுந்தால் வைக்கோல் கட்டு.

இப்போது அந்த ரவுண்டானா. கடிதத்தில் அந்த வரி வந்ததும் மூடிவைத்துவிடலாம் என்று நினைத்தேன். கார்க்காரர் கட்டைவிரலைக் காட்டினாராம். அவருக்கென்ன, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அந்த வளைவில் அன்று காலை என்ன கொட்டியிருந்தது, யார் நடந்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? டிராக்கில் வளைவைப் படித்துவிட்டு வழுக்குகிறீர்கள். ரோட்டில் படிக்காமலே பரீட்சை எழுதுகிறீர்கள், தோற்றால் எதிரே வருகிறவனுக்கும் சேர்த்து. நாற்பத்தொரு வயதில் வண்டி ஓட்டுவதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. இந்த ரவுண்டானா வேலை பதினேழு வயதுக்காரனுடையது. பதினேழில் செய்திருந்தால் ஒரு அறையோடு முடிந்திருக்கும்.

நீங்கள் போகும் மேற்கு விஸ்கான்சினைப் பற்றி எனக்கும் தெரியும். பனியாறுகள் தேய்த்துத் தட்டையாக்காமல் விட்டுப்போன நிலம் அது. மேடும் பள்ளத்தாக்குமாக இருக்கும். உள்ளூர்ச் சாலைகள் பலவற்றுக்கு எண்ணுக்குப் பதில் எழுத்துதான் பெயர். பண்ணைகளிலிருந்து பால் எடுக்கத்தான் இண்டு இடுக்கெல்லாம் தார் போட்டார்கள் என்பார்கள். உங்கள் வண்டி அதற்கென்றே செய்த மாதிரி. உயரமாக நிமிர்ந்து உட்கார்ந்து, அகலமான ஹேண்டிலை ஒரு விரல் தள்ளினால் சாய்கிறது. அறுபதிலேயே மனம் நிறைந்துவிடும், நூறுக்குப் போகத் தோன்றாது. பலகை மாதிரி சீட்டும் பத்து லிட்டர் டேங்கும் எப்படியும் உங்களை மணிக்கொருதரம் இறக்கிவிடும். ஆனால் அதே வளைவில் ஏப்ரலில் குளிர்காலத்து மணல் கிடக்கும். மான் நிற்கும். கார் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குதிரை வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும், குதிரை போட்டது பின்னால் சூடாகக் கிடக்கும். நான் அதன் மேல் போயிருக்கிறேன். ரோட்டில் உங்கள் திறமை, பின்சக்கரம் ஒருமுறைகூட நழுவாமல் வீடு திரும்புவதுதான். நழுவ வேண்டுமென்று கை அரித்தால் ஜனவரி வரை பொறுங்கள்.

உங்கள் மனைவி பேசாமல் இருப்பது ரவுண்டானாவால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏரியால் அல்ல. அதை அவரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஏரிக்கு அழைத்துப்போங்கள். பிளாஸ்க்கில் டீ, இரண்டு ஜோடி சாக்ஸ். கைதட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் விழுந்து, எழுந்து, பனியைத் தட்டிக்கொள்வதை அவர் ஒருமுறை பார்த்தால் போதும். பெரிய பைக் வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். என்னை ஏன் கேட்கிறீர்கள்?

அந்தப் பையனை நேற்று எங்கள் ஊர் ஏரிக்குக் கூட்டிப்போனேன். இப்போது தண்ணீர் இல்லை, நடுவில் பொருக்கு வெடித்த களிமண், ஓரத்தில் மெல்லிய புழுதி. என் பழைய வண்டியைக் கொடுத்து, முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பு மாட்டி, இருபதுக்கு மேல் போகாதே என்று சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்தேன். ஏழு தடவை விழுந்தான். மூன்றாவது தடவைக்குப் பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.