கேள்வி நேரம்: ஜெர்மனி உடைந்தது, ஆஸ்திரியா தப்பியது ஏன்?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், சோவியத், பிரான்ஸ் ஆகியவை ஆளுக்கொரு மண்டலமாகப் பிரித்துக்கொண்டாலும், ஒரே பொருளாதாரமாக நடத்துவோம் என்று போட்ஸ்டாம் மாநாட்டில் அந்த நான்கு வல்லரசுகளும் ஒப்புக்கொண்டனவே, பிறகு யார் கெடுத்தது?

நான்கு அல்ல, மூன்று. 1945 ஜூலை 17-ல் தொடங்கி ஆகஸ்ட் 2-ல் முடிந்த அந்த மாநாட்டுக்கு பிரான்ஸை அழைக்கவே இல்லை. ஆனால் ஜெர்மனியில் அதற்கும் ஒரு மண்டலம் இருந்தது, பெர்லினில் கூடிய நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழுவில் ஓர் இடமும் இருந்தது. நால்வரும் தலையாட்டினால்தான் அங்கே எதுவும் நகரும். நிதி, போக்குவரத்து போன்றவற்றுக்கு நாடு முழுவதற்குமான துறைகளை அமைக்கும் திட்டத்தை அந்த ஆண்டே முடக்கியது பிரான்ஸ்தான். பழி முழுவதையும் மாஸ்கோவின் தலையில் கட்டுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

அடுத்த சிக்கல் போர் இழப்பீடு. சோவியத் தன் மண்டலத்திலிருந்து எடுத்துக்கொள்வது போக, மேற்கு மண்டலங்களில் உபரியாக இருக்கும் தொழிற்சாலை இயந்திரங்களில் 15 சதவீதத்தை உணவும் நிலக்கரியும் கொடுத்துப் பெறலாம். 10 சதவீதம் இலவசம். எது உபரி என்று தீர்மானிப்பதும் அதே நால்வர்தான்! கிழக்கிலிருந்து எதிர்பார்த்த உணவு வரவில்லை. தங்கள் மண்டலங்களுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் சொந்தக் காசில் தானியம் இறக்க வேண்டியிருந்தது. 1946 மே மாதம் அமெரிக்க ஜெனரல் க்ளே இயந்திரங்களைப் பெயர்த்து அனுப்புவதை நிறுத்தினார். 1947 ஜனவரி 1-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் மண்டலங்கள் பொருளாதார அளவில் ஒன்றாகிவிட்டன.

கேள்வி: வெறும் நாணய மாற்றத்துக்காகவா, தன் மண்டலத்தின் நடுவே நால்வரும் பங்கிட்டிருந்த பெர்லினின் மேற்குப் பகுதியை 1948-ல் சோவியத் முற்றுகையிட்டது?

அதை 'வெறும்' என்று சொல்ல முடியாது. ஜெர்மனியின் பழைய நாணயமான ரைஷ்மார்க் மலைபோலக் குவிந்திருந்தது, விலைகளோ அரசுக் கட்டுப்பாட்டில். கடையில் சரக்கு இல்லை. கள்ளச் சந்தையில் சிகரெட்தான் பணம். புது நோட்டு வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எங்கே அச்சடிப்பது என்பதில்தான் பேச்சு முறிந்தது. லைப்சிக்கிலும் ஓர் அச்சகம் வேண்டும் என்றது சோவியத். 1944-ல், ஜெர்மனிக்குள் நுழையும் படைகள் புழங்கவிருந்த ராணுவ மார்க் நோட்டுக்கான அச்சுத் தகடுகளை அதனிடம் கொடுத்துவிட்டு, எவ்வளவு அடிக்கிறார்கள் என்ற கணக்கே கிடைக்காமல் விழித்திருந்தது அமெரிக்கா. இந்த முறை பெர்லினில் ஒரே இடத்தில்தான் என்று பிடிவாதமாக நின்றது.

1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. மேற்கு மண்டலங்களில் ஆளுக்கு 40 புதிய மார்க் கைக்கு வந்தது, பின்னர் இன்னொரு 20. மறுநாளே கடைகளில் சரக்கு தலைகாட்டியது. மேற்கில் செல்லாமல் போன பழைய நோட்டு கிழக்கில் இன்னும் செல்லும். அதனால் அங்கே வெள்ளமாய்ப் பாயும் என்பது சோவியத்தின் நியாயமான பயம். புது நோட்டு தயாராக இல்லாததால், பழைய நோட்டின்மேல் சிறு வில்லையை ஒட்டி அவசரமாக வெளியிட்டார்கள். அது பெர்லின் முழுவதற்கும் செல்லும் என்றும் உத்தரவு போட்டார்கள். மேற்குத் தரப்பு 'பி' முத்திரையிட்ட தன் மார்க்கை மேற்கு பெர்லினுக்குள் இறக்கியது. ஜூன் 24-ல் மேற்கு பெர்லினுக்குப் போகும் ரயில், சாலை, நீர்வழி மூன்றையும் சோவியத் அடைத்தது.

கேள்வி: தரைவழியை மூடியவர்கள் வான்வழியை ஏன் விட்டுவைத்தார்கள்?

சாலைக்கும் ரயிலுக்கும் 1945-ல் நடந்தது வாய்ப்பேச்சு மட்டும். வான்வழிக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது: தலா 32 கி.மீ. அகலத்தில் மூன்று பாதைகள். அவற்றில் பறக்கும் விமானத்தை நிறுத்த வேண்டுமானால் சுட வேண்டும். போரைத் தொடங்கிய பழி சுடுகிறவனுக்குத்தான் சேரும்.

கேள்வி: ஒரு பெருநகரத்துக்கு விமானத்திலேயே படியளந்தது எப்படி?

தொடக்கத்தில் போட்ட கணக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4,500 டன். முதலில் வந்த சி-47 விமானம் 3 டன்தான் சுமக்கும்; ஏறக்குறைய 10 டன் சுமக்கும் சி-54 வந்த பிறகே கணக்கு கூடிவந்தது. மொத்தச் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. ரொட்டியாக ஏற்றினால் அதிலுள்ள தண்ணீரின் எடையும் சேரும் என்பதால் மாவாகவே ஏற்றினார்கள். உருளைக்கிழங்கை உலர்த்தி, இறைச்சியை எலும்பு நீக்கி அனுப்பினார்கள். உப்பு தனித் தலைவலி. கசிந்தால் விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும். கடல்நீரைத் தாங்கும்படி அரிப்புத் தடுப்புப் பூச்சோடு கட்டிய சண்டர்லேண்ட் கடல் விமானங்கள் அந்த வேலையை ஏற்றன. ஹாம்பர்க் பக்கம் எல்பே ஆற்றில் கிளம்பி பெர்லினின் ஹாவல் நீர்ப்பரப்பில் இறங்கும்.

ஆகஸ்ட் 13-ல் தாழ்ந்த மேகத்தில் டெம்பல்ஹோஃப் தளத்தில் விபத்துகள் நடந்தன. பின்னால் வந்தவை இறங்க முடியாமல் ஒன்றின்மேல் ஒன்றாக வானில் வட்டமடித்தன. அதற்குப் பிறகு, இந்த விமானப் போக்குவரத்தை நடத்திய அமெரிக்க ஜெனரல் டன்னர் விதியை இறுக்கினார்: விமானங்களுக்கு இடையே 3 நிமிடம், முதல் முயற்சியில் இறங்க முடியாவிட்டால் சரக்கோடு திரும்பிப் போ. போவது வடக்கு, தெற்குப் பாதைகளில், திரும்புவது நடுப்பாதையில். 1949 ஏப்ரலில் ஒரே நாளில் 1,398 தடவை பறந்து 12,941 டன் இறக்கினார்கள். சோவியத் மண்டலத்துக்குப் போகும் சரக்கை மேற்கும் நிறுத்தியிருந்தது, அந்த வலியும் சேர்ந்துதான் மே 12-ல் முற்றுகை விலகியது. அதே ஆண்டில் இரண்டு ஜெர்மனிகள் பிறந்தன.

கேள்வி: ஆஸ்திரியாவிலும் அதே நான்கு படைகள், வியன்னாவும் நான்கு பங்கு. அது மட்டும் எப்படித் தப்பியது?

அடிப்படைக் காரணம், ஆஸ்திரியா ஜெர்மனியைப் போல மிரட்டக்கூடிய நாடு அல்ல. ஆனால் விதியின் அமைப்பையும் பார்க்க வேண்டும். 1945 ஏப்ரலிலேயே கார்ல் ரென்னர் தலைமையில் அங்கே ஓர் அரசு அமைந்தது. நவம்பரில் நாடு முழுவதும் தேர்தல். 1946 ஜூன் 28-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, அரசியல் சட்டம் தொடர்பானவை தவிர மற்றச் சட்டங்களை நால்வரும் சேர்ந்து 31 நாளுக்குள் எதிர்க்காவிட்டால் அவை தாமாகவே அமலாகும். ஜெர்மனியில் ஒருவர் மறுத்தால் வேலை நின்றது; இங்கே ஒருவர் எதிர்க்காமல் இருந்தாலே வேலை நடந்தது.

விடுதலை இலவசமாகக் கிடைக்கவில்லை. 1955 மே 15-ல் கையெழுத்தாகி ஆஸ்திரியாவுக்கு விடுதலை தந்த அரசு ஒப்பந்தத்தையொட்டி, சோவியத் வசமிருந்த தொழிற்சாலைகளை மீட்க 15 கோடி டாலர் மதிப்புள்ள பொருள்களை ஆறு ஆண்டுகளில் கொடுக்கவும், எண்ணெய் வயல்களுக்கு ஈடாக ஒரு கோடி டன் கச்சா எண்ணெயைப் பத்து ஆண்டுகளில் அனுப்பவும் ஆஸ்திரியா ஒப்புக்கொண்டது. கடைசி வெளிநாட்டுப் படையும் போன பிறகு, அக்டோபர் 26-ல்தான் நடுநிலைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.