முட்டையிடும் இணையை இடம் மாற்றலாமா?

கேள்வி: தேவகோட்டையில், 80 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஓர் இணை கோமாளி மீன்களை மூன்று ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். ஓராண்டாக இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, உள்ளே சாய்த்து வைத்த மண்சட்டியில் முட்டையிடுகின்றன. கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்து முடித்து, அடுத்த மாதம் அங்கே குடிபோகிறோம். முற்றத்தை ஒட்டி 250 லிட்டர் தொட்டி ஒன்றை வைக்க எண்ணம். தொண்டியிலிருந்து கடல்நீர் கொண்டுவரலாமா? ஆத்தங்குடிக் கல்லை (தரையில் பதிக்கும் டைல்) முட்டையிட வைக்கலாமா? இடம் பெரிதாவதால் மூன்றாவது மீன் ஒன்றைச் சேர்க்கலாமா? இடம் மாறினால் முட்டையிடுவது நின்றுவிடுமோ என்பதே என் பெரிய கவலை.
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: சில வாரங்களுக்கு, சில வேளைகளில் ஓரிரு மாதங்களுக்குக்கூட, நிற்கத்தான் செய்யும். இணை நலமாக இருந்தால் மீண்டும் தொடங்கிவிடும் என்பதால் அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. தங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது ‘அடுத்த மாதம்’ என்ற சொல்தான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஒரு புதுத் தொட்டியில் பெருகிப் படிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குடிபுகும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்கலாம். மீன் புகும் நாளை, நீரிலுள்ள அம்மோனியா, நைட்ரைட் அளவைக் காட்டும் டெஸ்ட் கிட்தான் குறிக்க வேண்டும்.

ஆகவே, புதுத் தொட்டியில் இப்போதே உப்புநீரை நிரப்பி வடிகட்டியை ஓடவிடுங்கள். பழைய வடிகட்டியிலிருந்து ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, உலரவிடாமல் அதே தொட்டி நீரில் அமிழ்த்தி எடுத்துச் சென்று இதில் வைத்தால் காத்திருக்கும் காலம் குறையும். பழைய தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை, ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழ்கின்றன. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா சேர்த்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமானால் தொட்டி தயார். அதுவரை மீன்கள் தேவகோட்டையிலேயே இருக்கட்டும், யாராவது போய் உணவிட்டு வரட்டும். அந்த வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டுமென்றால், 80 லிட்டர் தொட்டியையே அதன் வடிகட்டியோடும் கற்களோடும் கானாடுகாத்தானுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பெரிய தொட்டி பக்கத்தில் பக்குவப்படும்வரை மீன்களை அதிலேயே வைத்திருங்கள்.

தொண்டிக் கடல்நீரை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாக் விரிகுடாக் கரையோரம் ஆழம் குறைந்தது, கலங்கலானது. மழைக்காலத்தில் உப்பின் அளவும் மாறும், நோய்க்கிருமிகளும் உடன் வரலாம். ஆர்.ஓ. தண்ணீரில், தொட்டிகளுக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்துக்கொள்ளுங்கள். சமையல் உப்பு இதற்கு உதவாது. கரைப்பது பிளாஸ்டிக் தொட்டியில்தான் நடக்க வேண்டும். ஆச்சிமார் சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டாக்கள் செட்டிநாட்டு வீடுகளில் வரிசையாக நிற்கும், கைக்கு முதலில் அகப்படுவதும் அவைதான். ஆனால் உப்புநீர் பித்தளையிலுள்ள செம்பை அரித்துக் கரைத்துவிடும். இறால், நத்தை, கடற்சாமந்தி போன்றவற்றுக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலும் நஞ்சு.

வீடு புதுப்பிக்கப்பட்டது என்பதால் ஒன்றைக் கேட்கிறேன்: தேக்குத் தூண்களுக்கு வார்னிஷ் அடித்திருக்கிறீர்களா? காற்று பம்ப் அறையின் காற்றைத்தான் உறிஞ்சி நீருக்குள் விடுகிறது. வார்னிஷ், பெயின்ட் வாடை முற்றிலும் போன பிறகே மீன்கள் வர வேண்டும். முற்றத்து வெயில் தொட்டியில் நேராக விழக் கூடாது. விழுந்தால் பாசி படர்வதோடு, 26 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டிய நீர் கோடையில் மிகவும் சூடாகிவிடும். மின்விசிறிக் காற்று நீர்ப்பரப்பில் படும்படி வைத்தால் சூடு சற்றுத் தணியும். ஆவியாகிக் குறையும் அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

மாற்றும் நாளை முட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இட்டபோது ஆரஞ்சு நிறமாக இருக்கும் முட்டைகள் நாளடைவில் கருத்து, பொரிவதற்கு முன் குஞ்சுகளின் கண்கள் வெள்ளியாக மின்னும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், விளக்கணைந்த பின் இருட்டில் பொரியும். பொரிந்த மறுநாளே மாற்றுவதற்கு உகந்தது. முட்டை இருக்கும்போது மாற்றினால், ஆண் மீன் ஓயாமல் துடுப்பால் விசிறிக் காக்கும் வேலை தடைபட்டு, முட்டைகளில் பூஞ்சை பிடித்துவிடும்.

முந்திய நாள் உணவை நிறுத்துங்கள். வலையில் பிடித்தால் உடலில் சிராய்ப்பு ஏற்படலாம் என்பதால், பிளாஸ்டிக் குவளையால் நீரோடு மொண்டு எடுங்கள். இரண்டையும் ஒரே வாளியில் போடாதீர்கள். மிரண்ட நிலையில், உருவில் பெரிய பெண் மீன் ஆணைக் கடித்துவிடக்கூடும். மூடியுள்ள இரு வாளிகள், பழைய தொட்டி நீர், பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஆகியவை இந்தக் குறுகிய பயணத்துக்குப் போதும். இரு தொட்டிகளின் ஒப்படர்த்தியையும் (நீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவு) ஒரே ரிஃப்ராக்டோமீட்டரால் (அதை அளக்கும் கருவி) அளந்து முன்னதாகவே சமமாக்கியிருந்தால், அங்கே போனதும் வெப்பநிலை ஒத்துவர அரை மணி நேரம் காத்திருப்பதே போதுமானது. பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டு, அன்றிரவு விளக்கை அணைத்து வையுங்கள்.

ஆத்தங்குடிக் கல் அழகுதான், ஆனால் அது சிமென்ட்டும் நிறப்பொடியும் கலந்து செய்தது. நீருக்குள் சுண்ணாம்பும் நிறமியும் கசியும். தங்கள் மீன்கள் ஏற்கெனவே தேர்ந்துகொண்ட மண்சட்டி இருக்கும்போது வேறு எதற்கு? பாசி படிந்திருந்தாலும் தேய்த்துக் கழுவாமல் அதையே கொண்டுபோய், முன்பு சாய்த்திருந்த வாக்கிலேயே ஒரு மூலையில் வையுங்கள். அலங்காரத்துக்காக இராமேசுவரம் பக்கத்திலிருந்து பவளக் கல் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்; பாறை அமைக்கும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

மூன்றாவது மீன் வேண்டாம். இணை சேர்ந்து முட்டையிடும் கோமாளி மீன்கள் இன்னொன்றைத் துரத்தித் துரத்திக் கொன்றுவிடும், 250 லிட்டர் அதற்குப் பெரிய இடமன்று. பெண் இறந்தால் ஆண் மீன் பெண்ணாக மாறும் இனம் இது; அப்படி நேர்ந்தால் அப்போது அதைவிடச் சிறிய மீன் ஒன்றைத் துணையாக வாங்கிக்கொள்ளலாம்.